முன்னுக்கு ரெண்டு காணும்

எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் பிறந்தநாளோ சாமத்திய வீடோ, எது நடந்தாலும் ஒரு கட்டத்தில் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். நான் பனியில் காரைச் சுழற்றிய கதை. சொல்பவர் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஸ்ரியரிங் பிடித்துக் காட்டுவார். "அவ அப்பிடியே ஒரு சுத்து. பாத்தா, கார் வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பல வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதை யாரும் திருத்தப் போவதில்லை என்று தெரிந்தபிறகுதான் நானே எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், வோபர்னில், ஒரு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். கணவருக்கு ரொறன்ரோ நகரத்தின் நடுவில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவர் சப்வேயில் போய்வருவார். எனக்கு பிக்கரிங்கில், மருந்துப் போத்தல்களைப் பெட்டியிலிடும் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு மணிக்குப் போத்தல்கள் வரும் பட்டை ஓடத் தொடங்கும். அந்த நேரத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்த பஸ்ஸும் இல்லை. ரொறன்ரோ பஸ் ஓர் எல்லையில் திரும்பிவிடும். அடுத்த ஊர் பஸ் தன் சௌகரியத்துக்கு வரும்.

ஆகவே கார் எனக்குத்தான். சாரதி அனுமதிப்பத்திரத்தை முதல் தடவையிலேயே எடுத்தவள் நான். கணவர் மூன்றாவது தடவையில் எடுத்தார். இதை எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் யாரும் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

காரைத் தெரிவு செய்ததும் நான்தான். வேலையில் பக்கத்தில் நின்ற கயானாப் பெண் ஒருத்தி, மலைப் பக்கத்திலிருந்து தினமும் வருபவள், நாலு சில்லும் இழுக்கும் காரைப் பற்றிச் சொன்னாள். மற்றக் கார்களில் முன் சில்லு இரண்டுதான் இழுக்கும், பின்னால் இருப்பவை சும்மா உருண்டு வரும், இதிலோ நாலும் வேலை செய்யும் என்றாள். நானும் பழைய கார் விற்கும் இடங்களில் தேடித் திரிந்து ஒரு நீலநிற வாகனத்தை வாங்கினேன். பின்பக்கம் பெட்டிபோல் நீண்டிருக்கும். கட்டடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "உது என்ன, பாண் விக்கப் போறியளோ?" என்று ஒருவர் கேட்டார். முதல் குளிர்காலம் முழுக்க அது என்னை ஒருநாள்கூடக் கைவிடவில்லை. மற்றவர்கள் காரைத் தள்ளிக்கொண்டு நிற்க, நான் கையசைத்துவிட்டுப் போனேன். அந்தக் கையசைப்பைச் சிலர் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நவம்பரும் முதலாவது ஞாயிறு, பின்பக்கத்துப் பார்க்கிங்கில் ஜாக்கும் கையுமாக நிற்பார். தமிழ் ஆட்களின் கார்கள் வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால், பனித்தெருவைப் பிடிக்கும் சினோ ரயர் இரண்டு பூட்டுவார். காசு வாங்க மாட்டார். மேலிருந்து தேநீரும் ரோல்ஸும் இறங்கிக்கொண்டேயிருக்கும். யாரிடம் ரயர் இல்லையோ அவருக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த தன் லொக்கர் அறையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வேறு ஊருக்குப் போனவர்கள், காரை விற்றவர்கள் எல்லோரும் விட்டுச்சென்ற ரயர்கள் அங்கே கூரைவரைக்கும் அடுக்கியிருக்கும். "முன்னுக்கு ரெண்டு காணும்", முன்னால் இரண்டு போதும் என்பதுதான் அவருடைய சட்டம். முன் சில்லு மட்டும் இழுக்கும் கார்களோடு பழகியவர்களுக்கு அது சரியாகவே பட்டது. தெரிந்த மனிதர் இருக்கும்போது கடைக்கு ஏன் போவான் என்பதுதான் எங்கள் எல்லோருடைய எண்ணமும். பல்லுக்கும் வீட்டுக்கும் வரிக்கும்கூட அப்படித்தான் ஆள் பிடித்தோம்.

அந்த இரண்டாவது நவம்பரில் என் காரையும் வரிசையில் விடச் சொன்னார் கணவர். போன வருடம் இருந்த நாலு ரயரும் போதும் என்றேன். அண்ணை கேட்கவில்லை. லொக்கரிலிருந்து இரண்டு ரயரை உருட்டிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு பெடியனின் வேகக்காருக்குப் பூட்டியிருந்தவை, ஒரு சீசன்கூட முழுதாக ஓடாதவை என்றார்.

"அண்ணை, இது நாலு சில்லும் இழுக்கிற கார். ரெண்டு மட்டும் மாத்தினால் பரவாயில்லையோ?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, ரிம்மும் பதினாலு, ஓட்டையும் சரி. பிறகென்ன? முன்னுக்கு ரெண்டு காணும்."

"அதில்லை அண்ணை, காரோட வந்த புத்தகத்தில ஏதோ..."

"புத்தகத்தைப் படிச்சே கார் ஓடுறது?" என்றார். பக்கத்தில் நின்ற ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கணவர் என்னைப் பார்த்து, "அவருக்குத் தெரியும், நீர் மேல போய்த் தேத்தண்ணி போடும்" என்றார். நானும் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. என் காருக்குப் பிழையான ரயரைப் பூட்டும்போது நான் மேலே நின்று சீனி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே கார் மாறிவிட்டது. பார்க்கிங்கில் ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பினால், யாரோ கீழே பிடித்து நிறுத்துவதுபோல் உதறி உதறி நகர்ந்தது. காலை எடுத்தால் தானாக உருள வேண்டிய கார், பிரேக் போட்டதுபோல் நின்றது. பெருந்தெருவில் கால்மணிநேரம் ஓடினால் அடியில் ஒரு ஊளைச் சத்தம். இறங்கினால் சூடான எண்ணெய் மணம். நேராகப் போகும்போதும் ஸ்ரியரிங் என் கையில் அமைதியாக இல்லை. பாதை கொஞ்சம் ஈரமென்றால் கார் யோசித்து யோசித்துத் திரும்பியது.

கணவரிடம் சொன்னேன். "நீர் ஒடிச்சு ஒடிச்சுத் திருப்புறீர், அதுதான்" என்றார். அண்ணையிடம் சொன்னேன். "பொம்பிளையள் எல்லாரும் ஒரு காலை பிரேக்கிலயே வச்சிருப்பினம்" என்றார். தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒருநாள் சாவியைக் கேட்டு வாங்கினார். நான் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். பார்க்கிங் முடக்கில் திருப்பினார். கார் உதறியது. இரண்டு தரம் நன்றாக உதறியது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"குளிருக்கு இறுகிப்போச்சு. ஓட ஓட இளகும்" என்றார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் ஓடும்போது உதறினால் என் கை பிழை. அவர் ஓடும்போது உதறினால் குளிர் பிழை. அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், யூனியன்வில்லில் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் பிறந்தநாள். நான்தான் ஓடினேன். கணவர் மடியில் ரோல்ஸ் தட்டம். மகள் பின்னால். பனி பெரிதாக இல்லை, தெருவை மூடும் அளவுக்குத் தூவியிருந்தது. பெருந்தெருவிலிருந்து இறங்கும் வளைவில், வேகம் ஒரு சொட்டுக் கூடவோ என்று தோன்றி, வேகமிதியிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. அவ்வளவுதான். முன்பக்கம் தெருவைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்பக்கம் தனியாகக் கிளம்பிவிட்டது. கண்ணாடியில் தெருவிளக்குக் கம்பங்கள் குறுக்காக ஓடின. மகள் கத்தியது கேட்டது. பிறகு ஒரு மெத்தென்ற இடி. வந்த பக்கத்தைப் பார்த்தபடி பனிக்குவியலில் சாய்ந்து நின்றோம்.

ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. ரோல்ஸ் மட்டும் கார் முழுக்க உருண்டு கிடந்தது. யாராவது எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று இருந்தேன். கணவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கை அமத்தினீரே?"

"நான் பிரேக்கில காலே வைக்கேல்லை."

"அப்ப கார் தானாத் திரும்பினதோ?"

ஓம், தானாகத்தான் திரும்பியது. ஆனால் அப்போது என்னிடம் அதற்குக் காரணம் இல்லை.

பின்னால் வந்தவர்கள் காரைத் தள்ளி எடுத்துத் தந்தார்கள்; அந்த வீட்டுக்குள் போய் நான் கோட்டைக் கழற்ற முதலே கதை பரவிவிட்டது. கணவர் அங்கிருந்த தொலைபேசியில் அண்ணைக்கும் சொன்னார். அவர் "பொம்பிளை ஓட்டம்" என்றதை எல்லோருக்கும் கேட்கத் திருப்பிச் சொன்னார். ஆண்கள் கையில் கிளாஸோடு எனக்குப் பாடம் எடுத்தார்கள். அதில் இரண்டு பேருக்கு அனுமதிப்பத்திரமே இல்லை. ஒரு அன்ரி என் தோளைத் தொட்டு, "பிள்ளையையும் பின்னால வச்சுக்கொண்டு, கொஞ்சம் யோசிக்க வேணும் என்ன?" என்றார். அதுகூடப் பரவாயில்லை. திரும்பிப் போகும்போது மகள் காரில் ஏற மாட்டேன் என்று வாசலில் நின்றாள். "அப்பா ட்ரைவ் பண்ணட்டும். அம்மா இஸ் நொட் சேஃப்" என்றாள். எட்டு வயதுக் குழந்தை. அது என்னைத் தைத்ததுபோல் வேறெதுவும் தைக்கவில்லை.

அன்றிலிருந்து கார்ச் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, கணவரின் கோட்டுப் பைக்குப் போய்விட்டது. "கொஞ்சக் காலத்துக்கு நீர் ஓட வேண்டாம்" என்றார். எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை. நான் இரண்டு பஸ் பிடித்து, கடைசித் தரிப்பிலிருந்து பனிக்குள் முப்பத்தைந்து நிமிடம் நடந்து வேலைக்குப் போனேன். முதல் கிழமையில் மூன்று நாள் பிந்தினேன். அடுத்த கிழமை மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, இனி இரண்டு தரம் பிந்தினால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று மரியாதையாகவே சொன்னார். கார் கீழே பார்க்கிங்கில் பனி மூடி நின்றது. என் வேலை போகப்போகிறது, என் கார் சும்மா நிற்கிறது, வீட்டில் எல்லோரும் என் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நாட்களில்தான் காரின் புத்தகத்தை எடுத்து வந்து பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கினேன். என் ஆங்கிலம் அப்போது மெதுவானது. ஆனால் தொழிற்சாலையில் என் வேலையே போத்தலின் அளவும் மூடியின் அளவும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதுதான். ஒரு எண் பிசகினாலும் பட்டையை நிறுத்துவேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். நாலு ரயரும் ஒரே அளவாகவும் ஒரே வகையாகவும் ஒரே அளவுக்குத் தேய்ந்ததாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார் கட்டுப்பாட்டை இழக்கலாம், உள்ளே இருக்கும் இயந்திரமும் கெட்டுப்போகலாம். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு ஆசனத்துக்குப் போனார். நான் சத்தமாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் நேரே பார்க்கிங்குக்குப் போனேன். கையுறையால் பனியைத் துடைத்து ரயரின் பக்கத்தில் இருந்த எண்களை வாசித்தேன். பின்னால் 185, 70, 14. முன்னால் 195, 60, 14. கடைசி எண் மட்டும் ஒன்று. அண்ணை பார்த்ததும் அதை மட்டும்தான். அகலமான ரயர் என்றால் பெரிய ரயர் என்று நாங்கள் நினைப்போம். ஆனால் நடு எண் உயரத்தைச் சொல்வது. முன்னால் இருந்தவை அகலம் கூடியவை, உயரம் குறைந்தவை.

சாதாரணக் காரில் அதனால் பெரிய சண்டை வராது. நாலு சில்லும் இழுக்கும் காரில் முன் சோடியையும் பின் சோடியையும் நடுவில் ஒரு பெட்டி இணைக்கிறது. வளைவுகளில் வரும் சின்ன வித்தியாசத்தை அது விட்டுக்கொடுக்கும். ஆனால் என் காரில் முன் சில்லு சின்னதாக இருந்தபடியால், நேர்ப்பாதையிலும் அது கூடத் தரம் சுற்ற வேண்டியிருந்தது. நடுப்பெட்டி ஓயாமல் இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்துச் சூடேறியது. ஊளையும் மணமும் அதுதான். காய்ந்த தெருவில் அந்த இழுபறி உதறலாக வந்தது. பனியில், எந்தப் பக்கத்துப் பிடி குறைவோ அந்தப் பக்கம் வழுக்கியது. முன்னால் புதுச் சினோ ரயர், பின்னால் தேய்ந்த ரயர். நான் காலை எடுத்த நேரம் பார்த்துப் பின்பக்கம் போய்விட்டது.

ஞாயிறு காலை கணவரின் கோட்டுப் பையிலிருந்து திறப்பை எடுத்தேன். திருடினேன் என்று எழுத மாட்டேன், அது என் திறப்பு. மகளைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய சோக்குக்கட்டியோடு கீழே இறங்கினேன். பனி வழித்த நீளமான பகுதிக்குக் காரைக் கொண்டுவந்தேன். முன் ரயரிலும் பின் ரயரிலும் நிலத்தைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு வெள்ளைக் கோடு போட்டேன். பின் சில்லின் கோடு ஒவ்வொரு தரம் நிலத்தைத் தொடும்போதும் எண்ண வேண்டும், பத்தாவதில் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவள் சுவரோரம் தள்ளி நடந்து வந்தாள். நான் ஆமை வேகத்தில் உருட்டினேன்.

"...எய்ட், நைன், டென்! ஸ்ரொப், அம்மா!"

இறங்கிப் பார்த்தேன். பின் சில்லின் கோடு நிலத்தில். முன் சில்லின் கோடு கிட்டத்தட்ட உச்சியில். இருபது மீற்றர்கூடப் போகவில்லை, அதற்குள் ஏறக்குறைய அரைச் சுற்று வித்தியாசம். பிக்கரிங் வரைக்கும் எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள். மகள் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சோ இற் வோஸ் த ரயர்?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் என் கையுறையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மேலே போய்க் கணவரையும் அண்ணையையும் இறக்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் முன்னால் இன்னொரு தரம் செய்து காட்டினேன். புத்தகத்தையும் விரித்து வைத்தேன். அண்ணை குனிந்து எண்களைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"ஓ, சைஸ் மாறிப்போச்சு. உது ஆருக்கும் வாற பிழைதானே" என்றார்.

"அப்ப நான் சுழட்டினது?" என்று கேட்டேன்.

"அது சினோவுக்கு ஆருக்கும்..." என்று தொடங்கினார்.

"இல்லை அண்ணை. அது ஆருக்கும் வாற பிழை எண்டு அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பொம்பிளை ஓட்டம் எண்டுதான் சொன்னியள். அந்தப் பிறந்தநாள் வீட்டிலயே போய், அது நான் பூட்டின ரயரால எண்டு சொல்லுவியளோ?"

"ஏன் தங்கச்சி இப்ப அதைக் கிளறுறியள்? மாத்திவிடுறன், ஓடுங்கோ."

மாற்றிவிட்டார். பத்து நிமிட வேலை. பழைய இரண்டும் முன்னால் திரும்பி வந்தன. கார் பார்க்கிங் முடக்கில் எண்ணெய் தடவியதுபோல் திரும்பியது. அடியில் கேட்ட ஊளை மட்டும் முழுதாகப் போகவில்லை. அந்த நடுப்பெட்டிக்கு ஏதோ ஆகிவிட்டது, விற்கும்வரை மெல்லியதாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. கணவர் என்னைப் பார்த்து, "சரி, இனி நீர் ஓடும்" என்றார். தான் தருவதுபோல் சொன்னார். திறப்பு என் கையிலேதான் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை, அவ்வளவுதான். "இனி நீர் ஓடும்" என்பது எனக்குப் போதவில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வேலையில் நின்றேன்.

அண்ணை அந்த வீட்டில் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் சொல்லவில்லை. அடுத்த பிறந்தநாளில் கதை திரும்ப வந்தது. மகள் எழும்பி, "நோ, த ஃப்ரண்ட் ரயர்ஸ் வேர் ஸ்மோலர்" என்றாள். "பாருங்கோ, தாயை விட்டுக்குடுக்குதில்லை" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

அடுத்த நவம்பர் முதலாவது ஞாயிறு அண்ணை வழக்கம்போல் ஜாக்கோடு நின்றார், கார்கள் வழக்கம்போல் வரிசையில் நின்றன. நான் வரிசையில் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு, பார்க்கிங் வெறுமையாக இருக்கும்போது, நாலும் ஒரே அளவான சினோ ரயர்களைக் கடையில் வாங்கிவந்து நானே பூட்டினேன். இரண்டு மணிநேரம் பிடித்தது. கணவர் தேநீர் கொண்டுவந்து, நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்.

நாலாவது சில்லை இறுக்கும்போது ஆறாவது தளத்தில் இருந்த பெண் ஒருத்தி வந்து நின்றாள். புதிதாகக் கார் ஓடப் பழகியவள். கோட்டின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? என்ர கார் ஒரு பக்கமா இழுக்குது. நேரப் பிடிக்கவே ஏலாமல் கிடக்கு. வீட்டில என்ர ஓட்டம்தான் பிழை எண்டு சொல்லினம்."

"எப்ப இருந்து இழுக்குது?"

அவள் யோசித்தாள். "போன ஞாயிறில இருந்து."

கணவர் குனிந்து கையிலிருந்த நட்டுகளைப் பார்த்தார். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். மகளின் சோக்குக்கட்டி இன்னும் அங்கேதான் கிடந்தது.